டெஸ்க்டாப்பில் இருந்த ஊர்கள்

எங்கள் கிளை நூலகத்தில் கம்ப்யூட்டரைக் கால் கட்டைவிரலால்தான் ஆன் செய்வோம். மேசைக்கு அடியில் தரையோடு தரையாக சி.பி.யு. பெட்டி இருக்கும். குனிந்து கையால் அழுத்தப் போனால் மேசை விளிம்பு மண்டையில் இடிக்கும். அதனால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி, கட்டைவிரலால் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்துவார்கள். ஒன்பது வருடப் பழக்கம். நூலகரான நானே அப்படித்தான் செய்தேன். வருகிறவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பழைய மூன்றையும் எடுத்துவிட்டுப் புதிய கம்ப்யூட்டர்கள் மூன்றை வைத்தபோது சி.பி.யு. என்று தனியாக எதுவும் இல்லை. எல்லாம் திரைக்குள்ளேயே அடக்கமாம். பெட்டி இருந்த இடத்தில் சிவப்புச் சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கிடந்தது. மூன்று கம்ப்யூட்டருக்கும் கரண்ட் அதிலிருந்துதான். பழகிய கால் சும்மா இருக்குமா? யாராவது வந்து உட்கார்வார், காலை நீட்டுவார், அழுத்துவார். மூன்றும் ஒரே நேரத்தில் அணையும். பக்கத்தில் முக்கால் மணி நேரமாகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர் "ஐயோ" என்பார். அழுத்தியவர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து நிமிர்ந்து மின்விசிறியைப் பார்ப்பார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பாக்ஸை நகர்த்தி வைக்கலாம் என்றால் சுவரிலிருந்து ஒயர் அவ்வளவுதான் எட்டியது. "அழுத்தாதீர்கள்" என்று எழுதி ஒட்டினேன். கால் எங்கே படிக்கப் போகிறது? மேலே அட்டைப்பெட்டி கவிழ்த்து மூடினேன். அதன்மேல் காலை வைத்து வைத்து இரண்டே நாளில் நசுக்கிவிட்டார்கள். மவுஸுக்கு ஒயர் கிடையாது என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. "ஒயரு அறுந்துபோச்சுங்க மேடம்" என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிடுவார்கள். ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்று வருடம். முழங்கால் வலி. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை எழுந்து போய் மூன்றையும் மறுபடி ஆன் செய்தேன்.

அணைந்தால் ஆன் செய்துகொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் இந்தப் புதிய கம்ப்யூட்டர்கள் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் தலைமுழுகிவிட்டு எழுகின்றன. முன்பு யார் என்ன எழுதினார்கள், எதைச் சேமித்தார்கள் என்று எதுவும் நினைவிருக்காது. பொது இடத்துக் கம்ப்யூட்டர் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். நியாயம்தான். அந்த நியாயம் எங்களுக்கு ஒன்பது வருடம் தாமதமாக வந்தது என்பதுதான் சிக்கல்.

நான் வேலை பார்க்கும் ஊர் அரூருக்குப் பக்கத்தில், சித்தேரி மலையிலிருந்து இறங்கும் பஸ்கள் நின்று போகிற ஊர். இந்த நூலகத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஊர்ப் பெயர்தான். "மெணசி வந்தாச்சா?", "பொம்மிடி, உங்க டைம் முடிஞ்சுதுங்க", "கோட்டப்பட்டி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றுதான் சொல்வேன். அவர்கள் எனக்கு ஊர். நான் அவர்களுக்கு மேடம். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பெயரைக் கேட்டால் அடுத்து அப்பா பெயர், அதற்கடுத்து எந்தத் தெரு என்று போகும். ஊரோடு நிறுத்திக்கொண்டால் வம்பில்லை என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானாக வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

பழைய கம்ப்யூட்டரிலும் அதே ஏற்பாடுதான். வேலைக்கு விண்ணப்பம் போட வருகிறவர்கள் போட்டோ, கையெழுத்து, சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து எங்கே வைப்பார்கள்? பென் டிரைவ் வைத்திருப்பவர் பத்துப் பேரில் ஒருவர். ஆகவே ஜன்னலோரக் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு போல்டர் போட்டு ஊர்ப் பெயரை வைத்தேன். ஒரே ஊரில் இன்னொருவர் வந்தால் மெணசி 2. வாசகர்களின் சொந்த விவரம் எதையும் கம்ப்யூட்டரில் வைக்கக் கூடாது என்று விதி இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன். மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஸ்கேன் செய்யுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

கம்ப்யூட்டர் மாற்ற ஆள் வந்த நாள் புத்தகச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. பத்தாயிரத்துச் சொச்சம் புத்தகத்தை ஒற்றை ஆளாக எண்ணிக்கொண்டிருந்தேன். மூக்கு முழுக்கத் தூசி. வந்தவர் முப்பது வயதுக்காரர், ஒப்பந்த நிறுவனத்து ஆள், நல்ல மாதிரியாகப் பேசினார்.

"மேடம், டெஸ்க்டாப் பூரா ஊர் பேரா இருக்குதுங்களே. என்னங்க இது, பஸ் ரூட்டா?"

"சும்மா, ஊர் விவரம்."

"வாசகர் டேட்டா ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. மேல எழுதி அனுமதி வாங்கினா காப்பி எடுத்துத் தந்துருவேன். இல்லைன்னா இந்தப் பாரத்துல ஒரு கையெழுத்து."

பாரத்தைப் பார்த்தேன். வாசகர்களின் சொந்த விவரங்கள் எதுவும் இந்தக் கணினிகளில் இல்லை என்று உறுதியளிக்கிறேன் என்று அச்சடித்திருந்தது. மேலே எழுதினால் ஏன் வைத்தாய் என்று கேட்பார்கள். விளக்கம் கொடுக்க வேண்டும். விளக்கத்துக்கு விளக்கம் கேட்பார்கள். இன்னும் நாலாயிரம் புத்தகம் எண்ண வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். பயமும் அசதியும் சேர்ந்தால் நான் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவேன் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

பழைய மானிட்டர்களை வேறொரு இடத்துக்கு வேண்டும் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சி.பி.யு. பெட்டிகளைக் கழித்துக்கட்ட உத்தரவு வர வேண்டும் என்பதால், மூன்றின் மூடியோடு ஒயர் சொருகும் இடத்தையும் சேர்த்துக் காகிதச் சீல் ஒட்டி, என் கையெழுத்தையும் வாங்கி, பின்னறையில் பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவே அடுக்கி வைத்தார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். திரையைப் பார்ப்பார்கள். என்னைப் பார்ப்பார்கள்.

"எம்போல்டர காணோமுங்க."

"போச்சுங்க. புதுசு மாத்திட்டாங்க. இனிமே இங்க எதையும் வைக்க முடியாது."

ஒரு வாரத்தில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பொம்மிடிக்காரர் மட்டும் சத்தம் போட்டார். சத்தம் போட்டவருக்குப் பதில் சொல்வது சுலபம். நானும் பதிலுக்குக் கத்தினேன். மற்றவர்கள் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மெணசிக்காரரும் "சரிங்க" என்றுதான் சொன்னார். அறுபது வயது தாண்டியவர். காலையில் பேப்பர் படிக்க வருவார். வாரத்தில் ஒரு நாள் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன் போல்டரைத் திறப்பார். அதில் ஒரே ஒரு படம், இறந்துபோன அவர் மனைவியுடையது. யாரோ உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த குழுப் படத்தை இரவல் வாங்கி வந்திருந்தார். நான்தான் அதை ஸ்கேன் செய்து, அந்த அம்மாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தேன். பிரிண்ட் போட்டுத் தரட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாங்க, இங்கயே இருக்கட்டும். வூட்ல மாட்டுனா பாத்துப் பாத்துப் பழகிப்போயிரும்" என்றார். ஐந்து நிமிடம் பார்ப்பார், மூடிவிட்டுப் போவார். போச்சு என்று நான் சொன்ன நாளுக்குப் பிறகு அவர் பேப்பர் படிக்கவும் வரவில்லை.

அவர் வராததை நான் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் செய்யவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு மல்லுக்கட்டவே எனக்குப் பொழுது சரியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம் மூடப்போகும் நேரத்தில் சித்தேரி வந்தாள். மலையிலிருந்து இறங்கி வரும் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். நர்ஸ் படிப்புப் படிக்கும்போது வாரா வாரம் வருவாள். படித்து முடித்துக் கல்யாணமாகி, கணவன் இறந்துபோய், இப்போது வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்பது வரை எனக்குத் தெரியும். அங்கேயே விடுதியில் தங்கல். நாலு வயதுப் பெண் குழந்தை மலையில் அவள் அம்மாவிடம் வளர்கிறது. மாதத்துக்கு இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

"மேடம், கவர்மெண்டு நர்ஸ் வேலைக்கு அப்ளிகேசன் போடணுமுங்க. சனிக்கிழமை கடைசி நாளு. கிடைச்சா மலையிலயே போடுவாங்கன்னு சொல்றாங்க. லீவு சொல்லிட்டு வந்திருக்கறேன்."

உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். மூன்று கம்ப்யூட்டரும் அணைந்தன. எரிச்சலோடு எழுந்து போய் ஆன் செய்துவிட்டு, எல்லோருக்கும் சொன்னதை அவளுக்கும் சொன்னேன்.

"போல்டரெல்லாம் போச்சும்மா. சான்றிதழ் ஒரிஜினல கொண்டுவா, புதுசா ஸ்கேன் பண்ணிக்கலாம்."

அவள் மெதுவாகச் சொன்னாள். ஒரிஜினல் எல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் வேலை பார்த்தால்தான் திருப்பித் தருவார்கள். இடையில் கேட்டால் எதற்கு என்பார்கள். வீட்டில் இருப்பது மங்கலான ஜெராக்ஸ். இந்த விண்ணப்பத்துக்கு ஒரிஜினலைக் கலரில் ஸ்கேன் செய்து போட வேண்டும். செல்போனில் வைத்திருந்த படங்கள் போன் தண்ணீரில் விழுந்தபோது போய்விட்டன.

"உங்ககிட்ட இருக்குதேன்னு தைரியமா இருந்துட்டேனுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல்தான் வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். நூலகக் கம்ப்யூட்டரை நம்பி யாராவது இருப்பார்களா என்று மனதுக்குள் திட்டினேன். இருக்கச் சொன்னதே நான்தான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குதுங்களே. அன்னைக்குக் காலைல வரட்டுங்களா?"

"வந்து பாருங்க" என்றேன்.

அரசு அலுவலகம் எதிலாவது வேலை பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். நீங்கள் வரத் தேவையில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்ல முடியாதபோது சொல்வது அது. அவள் தலையை ஆட்டிவிட்டு, மலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். நான் கதவைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தோன்றியது. அவள் வரத்தான் போகிறாள். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே வந்து வாசலில் நிற்பாள்.

சாயங்காலம் நூலகத்தைத் திறந்ததும் முதல் வேலையாக உறுப்பினர் பதிவேட்டை எடுத்தேன். வீண் அலைச்சல் வேண்டாம், ஆஸ்பத்திரியில் போய்க் கெஞ்சிப் பார் என்று போன் செய்து சொல்லிவிடலாம் என்றுதான். சித்தேரியிலிருந்து மூன்று பெண்கள் பெயர் இருந்தது. மூன்றுக்கும் நேராகப் போன் நம்பர் இருந்தது. இதில் இவள் யார்? படிக்கும் காலத்தில் எத்தனை வருடம் வந்தாள், பரீட்சையில் தேறியதற்கு மிட்டாய்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள், பெயர் தெரியவில்லை. மூன்று நம்பருக்கும் அடித்தேன். ஒன்று உபயோகத்தில் இல்லை. ஒன்றில் யாரோ ஆண் எடுத்துத் தப்பான நம்பர் என்றார். ஒன்று தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

வியாழக்கிழமை காலையில், கம்ப்யூட்டர் மாற்றியவருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, அந்தப் பழைய பெட்டியெல்லாம் அழிச்சிட்டீங்களா?"

"இல்லீங்க மேடம். அழிக்கறதுக்குத் தனியா ஆர்டர் வரணும். அது வரலை. எல்லாம் அப்புடியே உள்ளதான் இருக்குது. ஏனுங்க?"

அரசாங்கத்தின் தாமதத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றி சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறியது.

"சீலை உடைச்சீங்கன்னா நான் பொறுப்பில்லீங்க. எதுவும் இல்லைன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எழுதி அனுமதி வாங்குங்க. ஒரு பத்து நாள் ஆகும்."

என்னிடம் இரண்டு நாள் இருந்தது. மதியம் மூடிய பிறகு பின்னறைக்குப் போய், செய்தித்தாள் கட்டுகளை நகர்த்தி, ஜன்னலோரப் பெட்டி எது என்று பார்த்தேன். அதன் முன்பக்கத்தில் பொத்தானைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது, அத்தனை கட்டைவிரல் பட்டிருக்கிறது. பென்சில் சீவும் பிளேடை எடுத்துச் சீலில் இருந்த என் கையெழுத்தை நானே குறுக்காக அறுத்தேன். முப்பது வருட சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவள் நான்.

பெட்டி இருந்தது, பார்க்கத் திரை இல்லை. புதிய கம்ப்யூட்டரின் திரையில் இதன் ஒயரைச் சொருக இடமே கிடையாது. பழைய மானிட்டருக்கு எங்கே போவது என்று யோசித்ததில் ஒரே ஒரு இடம்தான் தோன்றியது. அங்கே போக எனக்கு விருப்பமில்லை. எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கும் எனக்கும் ஆறு வருடமாகப் பேச்சு கிடையாது. நூலகத்தில் இலவசமாகப் பார்க்க விட்டு அவர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறேன் என்று அவருக்கு எண்ணம். என் வாசகர்களைக் கடைக்கு இழுக்கிறார் என்று எனக்கு எண்ணம்.

போனேன். கல்லாவுக்குப் பின்னால் பெட்டி மாதிரிப் பருத்த பழைய மானிட்டர் ஒன்றின்மேல் சாமி படம் வைத்திருந்தார்.

"இப்பத்தான் எதிர்க்கடை கண்ணுக்குத் தெரிஞ்சுதுங்களா மேடம்?" என்றார்.

"தெரிஞ்சுது. எனக்கு அந்த மானிட்டர் வேணும்."

எதற்கு என்று கேட்டார். எதையும் மறைக்காமல் சொன்னேன், கையெழுத்துப் போட்டது உட்பட. அவர் சிரிக்கவில்லை. சாமி படத்தை இறக்கிப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, "நாளைக்கு உங்களுக்கு லீவுதான? காலைல நானே தூக்கிட்டு வரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மானிட்டரை மாட்டி, நான் பழக்கத்தில் காலை நீட்டிக் கட்டைவிரலால் அழுத்தினேன். பெட்டி மூன்று முறை கீச் கீச் என்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி கத்தியது. சரி, தலையெழுத்து இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அவர் மூடியைக் கழற்றினார். உள்ளே விரல் கனத்துக்குத் தூசி. பச்சை நிறத்தில் சீப்பு மாதிரி இருந்த ஒரு பட்டையைப் பிடுங்கி எடுத்தார். ரேம் என்றார்.

"ரப்பர் இருக்குதுங்களா?"

"என்ன ரப்பர்?"

"பென்சில் அழிக்கற ரப்பர்தாங்க."

என் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பட்டையின் ஓரத்தை, பரீட்சைத்தாளில் தப்பை அழிக்கிற மாதிரி அழுத்தி அழுத்தித் தேய்த்தார். ஊதினார். திரும்பச் சொருகினார். இந்த முறை பெட்டி ஒரே ஒரு தடவைதான் கீச்சிட்டது. திரையில் வெளிச்சம் வந்தது.

ஊர்கள் எல்லாம் இருந்தன. பச்சை மலைப் படத்தின்மேல் வரிசை வரிசையாக, பொம்மிடி, மொரப்பூர், கோட்டப்பட்டி, மெணசி, மெணசி 2, சித்தேரி. எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு. ஒரு மாதமாக இருபத்தேழு பேருக்கு நான் போச்சு போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தது எதுவும் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பேப்பர் கட்டுக்கு நடுவில் கிடந்திருக்கிறது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்க்காதது போல ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சித்தேரி போல்டரில் எல்லாம் சரியாக இருந்தது. புதிய கம்ப்யூட்டர் பென் டிரைவை ஏற்காது என்பதால் அவர் அதைத் தன் பென் டிரைவில் ஏற்றிக் கடைக்கு எடுத்துப் போய் நூலகத்து மெயிலுக்கு அனுப்பி வைத்தார். நான் உட்கார்ந்து மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். வாசகர் விவரங்கள் இருந்தன, இல்லை என்று நான் எழுதியது பொய், சீலை உடைத்ததும் நானே. மூன்று வரிதான். முப்பது வருடத்தில் நான் எழுதிய கடிதங்களிலேயே சின்னது அதுவாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலை கதவைத் திறக்கப் போனபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தையை விட்டுவிட்டு வர மனசில்லாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம்.

"இருக்குது. எல்லாம் இருக்குது" என்று தூரத்திலேயே சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அப்பாடா என்றுகூடச் சொல்லவில்லை. "சரிங்க" என்றாள், தெரிந்த விஷயம்தானே என்பது போல.

கடைசி நாள் என்பதால் எதிர்க்கடையில் கூட்டம் தெருவரை நின்றது. எங்களிடமும் மூன்று நாற்காலிக்கு ஒன்பது பேர். புதிய முறைப்படி உறுப்பினர் அட்டை எண்ணைப் போட்டு உள்ளே போக வேண்டும். அவள் அட்டையைக் கொண்டுவரவில்லை. வழக்கம்போல என் எண்ணையே போட்டு உட்கார வைத்தேன். படிவம் நீளம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாதியில் கம்ப்யூட்டர் அணைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு நேரமில்லை. பக்கத்து நாற்காலிக்கு ஆள் மாறும்போதெல்லாம் வருகிறவரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்து காலை நீட்டியபோது, யோசிக்காமல் புடவையைச் சுருட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிவப்புச் சுவிட்சின்மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்துக்குமேல் அப்படியே இருந்தேன். இரண்டு தடவை யாருடைய கட்டைவிரலோ என் புறங்கையை அழுத்தியது. "ஏனுங்க மேடம், அங்க என்ன தேடறீங்க?" என்று கேட்டார்கள். குழந்தை விழித்துக்கொண்டு, அம்மா காலடியில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்னோடு வந்து உட்கார்ந்தது. முழங்கால் மரத்துப்போனது.

மேலே இருந்து அவள் குரல் கேட்டது.

"அப்ளிகேசன் போயிருச்சுங்க மேடம். அங்க வந்து சேந்துருச்சுன்னு காட்டுது."

மேசையைப் பிடித்து எழுந்தேன். திரையில் அவளுடைய போட்டோ, பதிவு எண், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு பெயர். அழகான பெயர். வாய்விட்டுப் படித்தேன்.

"இதுதான் உன் பேரா?"

"ஆமாங்க" என்றாள். மேடத்துக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தாள்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது மனசு கேட்காமல் அதையும் கேட்டுவிட்டேன். "கிடைக்கும்னு புதன்கிழமை எனக்கே தெரியாது. நீ எந்த நம்பிக்கைல குழந்தையையும் தூக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தே?"

"நீங்கதான வந்து பாருங்கன்னு சொன்னீங்க" என்றாள்.

அவளுக்கு வேலை கிடைத்ததா என்பது இன்னும் தெரியாது, பட்டியல் வரவில்லை. எனக்கு மெமோ வந்துவிட்டது. ஏழு நாளில் விளக்கம் கேட்டிருந்தார்கள், கொடுத்தேன். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். உத்தரவு வரும்வரை அந்தப் பழைய பெட்டியும் கடைக்காரரின் மானிட்டரும் ஜன்னலோரத்திலேயே இருக்கின்றன. வாசலில் ஒரு தாள் ஒட்டினேன், உங்கள் போல்டர் கிடைத்துவிட்டது என்று எழுதிக் கீழே இருபத்தேழு ஊர்களையும் எழுதினேன். வந்து வாங்கிக்கொள்கிறவர்களின் ஊருக்கு நேராக இப்போது பெயரையும் கேட்டு எழுதுகிறேன். இருபத்தாறு ஊர்களுக்கு எழுதியாகிவிட்டது. பொம்மிடிக்காரர் மறுபடியும் சத்தம் போட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

மெணசி மட்டும் வரவில்லை. மெணசி 2 வந்தபோது விசாரித்தேன், அவருக்குத் தெரியவில்லை. சித்தேரியிடம் நான் வந்து பாருங்க என்றேன், நம்பி வந்தாள். இவரிடம் போச்சுங்க என்றேன். இவரும் நம்பியிருப்பார். நம்பியவர் எதற்காக வந்து வாசலில் ஒட்டிய தாளைப் பார்க்கப் போகிறார்?

போன வெள்ளிக்கிழமை மெணசிக்குப் பஸ் ஏறினேன். இறங்கியதும் ஒரு டீக்கடை. அறுபது தாண்டியவர், ஒல்லி, தோளில் துண்டு போட்டிருப்பார், எங்கள் நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வருவார் என்று சொன்னேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, துண்டு போட்ட பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினார். அதில் அவர் இல்லை.

"பேரு சொல்லுங்க மேடம், வூட்டக் காட்டறேன்" என்றார்.

ஒன்பது வருடம் மெணசி என்றே கூப்பிட்டிருக்கிறேன். கைப்பையைத் திறந்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்த அவர் மனைவியின் படத்தை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினேன்.